தடுத்த பந்துகளை யார் எண்ணுகிறார்கள்?

கோலாலம்பூரின் செராஸில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் திடலுக்கு மாலையில் போனாலும் பிள்ளைகள் காற்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு அணியாகப் பிரியும்போது முன்னால் நின்று கோல் அடிக்க எல்லாருக்கும் ஆசை. கோல் காக்க மட்டும் ஆள் கிடைக்காது. கடைசியில் வயதில் சின்னவனையோ, வேகமாக ஓட முடியாதவனையோ அங்கே நிறுத்திவிடுவார்கள். பெரியவர்களான நாமும் இதைத்தான் செய்கிறோம். பெயர் வாங்கித் தரும் வேலைக்குப் போட்டி போடுகிறோம். பின்னால் நின்று காக்கும் வேலை, மறுக்கத் தெரியாதவர் தலையில் வந்து விழுகிறது.

எழுபதைத் தாண்டிய வயதில் இளையவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். காக்கும் வேலை தாழ்ந்த வேலை இல்லை. அதற்கென்று தனித் திறமையும் நெஞ்சுரமும் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் பிறந்து, இந்த நாட்டின் கோலைக் காத்த ஒரு தமிழரின் வாழ்க்கையே போதும். அவர்தான் ஆர். ஆறுமுகம்.

1953-ஆம் ஆண்டு பிறந்த அவர், இருபது வயதில், 1973-இல், தேசிய அணிக்குள் வந்தார். அடுத்த ஆண்டே தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வடகொரியாவை வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் சீ விளையாட்டுத் தங்கம் நமக்குக் கிடைத்தது. மாநில அளவில் அவர் ஆடிய சிலாங்கூர் அணி, அந்தக் காலத்தில் மலேசியக் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கியது. நீண்ட கைகளை விரித்து மூலைக்குப் பறக்கும் அவரை மக்கள் 'ஸ்பைடர்மேன்' என்று கூப்பிட்டார்கள். மலாய்க்காரரும் சீனரும் சீக்கியரும் தமிழரும் ஒரே குரலில் கூப்பிட்ட பெயர் அது. அவருக்கு முன்னால் சோ சின் அவுனும் சந்தோக் சிங்கும் தற்காப்பில் நின்றார்கள். எதிரணி எல்லையில் மொக்தார் டஹாரி இருந்தார். அப்படியோர் அணியை இந்த நாடு அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மொக்தார் அடித்த கோல்களைக் கணக்கு வைத்து இன்றும் சொல்கிறார்கள். ஆறுமுகம் தடுத்த பந்துகள் எத்தனை என்று யாராவது எண்ணி வைத்திருக்கிறார்களா? கோல் அடித்தவர் பெயர் பலகையில் ஏறும். உள்ளே போகாத பந்துக்குப் பலகையில் இடம் கிடையாது. இப்படி எழுதப்படாமல் போகிற வேலையை ஒரு மனிதன் பதின்மூன்று ஆண்டுகள் நாட்டுக்காகச் செய்தான் என்றால், அவனுக்குள் என்ன உறுதி இருந்திருக்க வேண்டும்?

அந்த வேலையின் நுட்பத்தைக் கொஞ்சம் பாருங்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் அகலம். குறுக்குக் கம்பம் 2.44 மீட்டர் உயரம். எவ்வளவு நீண்ட கை இருந்தாலும் ஒரே ஆள் அதை அடைத்து நிற்க முடியாது. ஆகவே நல்ல கோல் காவலர் பந்து உதைபடுவதற்கு முன்பே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறார். பந்தோடு வருகிறவனை நோக்கிச் சில எட்டு முன்னால் வந்தால், அவன் கண்ணுக்குக் கோல் சிறுத்துப் போகும். அளவு மீறி வந்துவிட்டால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் இவர் சும்மா நிற்பதில்லை. இடம் மாறிக்கொண்டே இருக்கிறார். தனக்கு முன்னால் நிற்பவர்களிடம், இடப்பக்கம் ஆள் விடுபட்டிருக்கிறான், அவனைப் பிடி என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் குரலால் எதிரி உதைக்காமலே போன பந்துகள் எத்தனையோ. பாய்ந்து தட்டிவிட்டால் கூட்டம் எழுந்து கைதட்டும். சரியான இடத்தில் முன்கூட்டியே போய் நின்று, பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் பெரிதாக யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவதுதான் உயர்ந்த வித்தை.

நம் ஊரில் பெய்கிற மழைக்கு ஸ்மார்ட் சுரங்கம் செய்வதும் இதே வேலைதான். 2007-இல் திறக்கப்பட்ட அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம், நகரத்துக்குள் பாய வேண்டிய வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பி விடுகிறது. அது ஒழுங்காக வேலை செய்த நாளில், மழை பெய்தது என்பதைக் கூட மறுநாள் மறந்துவிடுகிறோம். வெள்ளம் வந்தால்தான் செய்தி. வராமல் காத்தால் செய்தியே இல்லை.

காக்கிறவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. முன்னால் ஆடுகிறவர் பத்து முறை குறி தவறி, பதினோராவது முறை கோல் அடித்தால் அவர் நாயகன். காவலர் பத்து முறை காத்து ஒரு முறை விட்டால் அந்த ஒன்று மட்டுமே பேச்சாகும். இங்கிலாந்தின் பீட்டர் ஷில்டன் கதை அதற்குச் சான்று. 1973 அக்டோபரில் வெம்பிளி அரங்கில் போலந்தை வென்றால்தான் இங்கிலாந்து உலகக் கிண்ணத்துக்குப் போக முடியும். அன்று ஒரு பந்து ஷில்டனின் உடலுக்குக் கீழே புகுந்து கோலானது. ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது, இங்கிலாந்து வெளியேறியது. இருபத்து நான்கு வயது இளைஞனின் தலையில் ஒரு நாட்டின் ஏமாற்றம் இறங்கியது. ஷில்டன் ஓடி ஒளியவில்லை. மறுபடியும் பயிற்சிக்குப் போனார். முதல் உலகக் கிண்ண ஆட்டம் அவருக்குக் கிடைத்தது 1982-இல், வயது முப்பத்திரண்டானபோது. அதையும் சேர்த்து மூன்று உலகக் கிண்ணங்களில் ஆடி, நாட்டுக்காக மொத்தம் 125 ஆட்டங்களில் கோல் காத்தார். இங்கிலாந்து லீக் போட்டிகளில் மட்டும் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டினார். போன பந்தையே நினைத்துக்கொண்டிருந்தால் வருகிற பந்து தெரியாது என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

நம் சிலாங்கூரும் இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1980 மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றது. அடுத்த ஆண்டு இறுதியில் அதே சிங்கப்பூரை 4-0 என்று வென்று கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. தேர்வில் ஒரு முறை தவறிவிட்டதால் வாழ்க்கையே முடிந்ததாக நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது. அது ஆறுமுகத்தின் வாழ்க்கையில் 1980-இல் வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவோடு ஒலிம்பிக் தகுதி ஆட்டம். வென்றவருக்கு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இடம். சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொடுக்க, அதே சபாவின் ஜேம்ஸ் வோங் அதைக் கோலாக்க, மலேசியா 2-1 என்று வென்றது. இந்தக் கோடியில் கோலைக் காத்து நின்றவர் ஆறுமுகம். அரங்கம் அதிர்ந்தது. யார் எந்த இனம் என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

மாஸ்கோவுக்கு அவர்கள் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன; மலேசியாவும் அவற்றில் ஒன்று. வியர்வை சிந்தி வென்ற இடம் ஈராக்குக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே நான் வாதாடப் போவதில்லை. அந்த வீரர்கள் என்ன செய்தார்கள் என்பதே எனக்கு முக்கியம். ஆறுமுகம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. இன்னும் ஆறு ஆண்டுகள் ஆடினார். பலன் பறிபோன பிறகும் வேலையை விடாமல் செய்கிறவனே தன் வேலையை உண்மையாக நேசிக்கிறவன்.

உலகம் இன்றுவரை வியக்கிற ஒரு தடுப்பும் அப்படிப்பட்டதுதான். 1970 உலகக் கிண்ணத்தில், மெக்சிகோவின் குவாடலஹாரா நகரில், பிரேசிலின் பெலே தலையால் மோதிக் கீழ்நோக்கி அனுப்பிய பந்தை இங்கிலாந்தின் கோர்டன் பேங்க்ஸ் பாய்ந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டார். கோல் என்றே பெலே நினைத்துவிட்டார். ஆனால் அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. தோற்ற ஆட்டத்தில் செய்த வேலை இன்றும் பேசப்படுகிறது. சில நாள் கழித்து, காலிறுதியில் வயிற்றுக் கோளாறால் பேங்க்ஸ் ஆட முடியவில்லை. இரண்டு கோல் முன்னிலையில் இருந்த இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்று ஊர் திரும்பியது. அவர் இருந்தபோது அவருடைய அருமையை அளக்க வழியில்லை. இல்லாதபோது எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த பேங்க்ஸ், படிப்பை விட்டுவிட்டுப் பதினைந்து வயதில் நிலக்கரி மூட்டை கட்டப் போன பையன். 1972-இல் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். 1977-இல் ஒற்றைக் கண்ணோடு அமெரிக்காவில் ஆடி, அந்த ஆண்டின் சிறந்த கோல் காவலர் என்ற பெயரையும் வாங்கினார். தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு நகரத்துக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்து நம்மை ஆளாக்கிய பெற்றோரின் பிள்ளைகளான நமக்கு இந்தக் கதை அந்நியம் இல்லை.

ஆறுமுகத்துக்கு அப்படி ஒரு மறுவாய்ப்பு அமையவில்லை. 1988 டிசம்பர் 18-ஆம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். வயது முப்பத்தைந்துதான். 2016-இல் சியு கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா' படத்தில், அவரை நினைவில் வைத்துப் படைத்த முத்துக்குமார் என்ற கோல் காவலரைப் பார்த்து இளைய தலைமுறை கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்க அவர் இல்லை. அவர் இறந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

செராஸில் கோலாலம்பூர் அணியின் சொந்த அரங்கம் இருக்கிறது. 2021-இல் அந்த அணி ஜொகூரை 2-0 என்று வென்று, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசும் இளைஞர்களுக்கு இரண்டு கோலையும் அடித்தவர்கள் பெயர் நாக்கு நுனியில் இருக்கிறது. ஜொகூர் போன்ற பலம் வாய்ந்த அணியை ஒரு கோல் கூட அடிக்க விடாமல் காத்த கெவின் மெண்டோசாவின் பெயரைச் சொல்ல அவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம்தான் அவர்களுக்கு அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இனி வேறு விதமாகக் கற்றுக்கொடுப்போம். ஒவ்வொரு குடும்பத்திலும் கோலைக் காக்கிறவர் ஒருவர் இருக்கிறார். கடன் வாசல் வரை வராமல் சிக்கனம் பிடித்த அம்மா, தம்பி தங்கை படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அண்ணன், படுத்த படுக்கையான தாத்தாவை இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் அத்தை. அவர்களால் நடக்காமல் போன துன்பங்கள் எந்த ஏட்டிலும் பதிவாகாது. அதனால்தான் நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

பிள்ளைகளே, காக்கும் வேலை உங்கள் பங்குக்கு வந்தால் குறையாக நினைக்காதீர்கள். இடம் அறிந்து நில்லுங்கள், போன பந்தை மறந்து அடுத்ததைப் பாருங்கள். உங்களைக் காத்து நின்றவர் யார் என்று இன்றே யோசியுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லுங்கள். நினைவு நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.