தம்பி தள்ளிய விமானம்

தம்பி அனுப்பிய வீடியோவை நேற்றிரவு உம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வெள்ளை நிறச் சின்ன விமானம் ஒன்று பின்பக்கமாக மெல்ல மெல்லக் கொட்டகைக்குள் போகிறது. அதன் மூக்குக்குக் கீழே நீளமான ஒரு கைபிடி. அதைப் பிடித்தபடி தம்பி நடந்து போகிறான். அவ்வளவுதான்.

“இவன் சும்மா நடக்கிறானே, இதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?” என்று கேட்டார் உம்மா.

அந்தச் சும்மா நடையைப் பற்றித்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வளைகுடா நாடொன்றுக்குப் போய் ஆறு வருடம். ஊரில் கேட்பவர்களிடம் “ஏர்போட்டில் வேலை” என்போம். உண்மையில் அது விமானம் ஓட்டப் பழக்கும் ஓர் இடம். அங்கே கொட்டகை கூட்டுவது, கண்ணாடி துடைப்பது, காலையில் விமானங்களை வெளியே எடுப்பது, பின்னேரம் உள்ளே வைப்பதுதான் அவன் வேலை. செஸ்னா 172 என்ற நாலு பேர் இருக்கும் விமானங்கள். வெறுமையாகவே முக்கால் தொன் வரும். எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் ஏறினால் 1,100 கிலோவைத் தாண்டும்.

“ராத்தா, இந்தப் பிளேனுக்கு ரிவேஸ் இல்ல தெரியுமா?” என்று போன புதிதில் ஒருநாள் கேட்டான். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அது தெரியாது. யோசித்துப் பார்த்தால் சரிதான். இந்த விமானத்தில் எஞ்சின் சில்லைச் சுற்றுவதில்லை, முன்னாலுள்ள விசிறியைத்தான் சுற்றுகிறது. அது முன்னுக்கு மட்டும்தான் இழுக்கும். பின்னால் போக வேண்டுமென்றால் மனிதர்கள் தள்ள வேண்டும்.

தள்ளுவதற்கும் சட்டம் இருக்கிறது. இறக்கையின் பின் விளிம்பில் அசையும் தகடுகளில் கை வைக்கக்கூடாது. விசிறியின் நடுவிலுள்ள கூம்பைத் தள்ளக்கூடாது. விசிறியைப் பிடித்து இழுக்கவே கூடாது, ஏனென்றால் இந்த எஞ்சின்களுக்குத் தீப்பொறி பெற்றரியிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சுழலும்போது மெக்னீற்றோ தானே அதை உண்டாக்கும். ஆளிக்குப் போகும் ஒரு வயர் அறுந்திருந்தால் போதும், நிற்கிற விசிறியைக் கையால் அசைத்தாலே எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். முன்சில்லில் ஓர் இரும்புத் தடியைக் கொளுவித் திசை திருப்புவார்கள். அதையும் 30 பாகைக்கு மேல் திருப்பினால் உள்ளே உடையும். தடியைக் கழற்ற மறந்து எஞ்சினை இயக்கினால் விசிறி அதில் அடிக்கும், பிறகு எஞ்சினையே கழற்றிப் பார்க்க வேண்டிவரும்.

சமதரையில் இரண்டு பேர் போதுமாம். கஷ்டம் சரிவில்தான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மீற்றருக்கு 3 மீற்றர் உயரும் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 1,000 கிலோ விமானத்தை அதில் ஏற்ற, வழமையான தள்ளுக்கு மேலதிகமாக 30 கிலோவைத் தூக்குமளவு விசை வேண்டும். தம்பியின் கொட்டகை வாசலில் அப்படியொரு சரிவு, அதன் முடிவில் கதவு ஓடும் இரும்புத் தண்டவாளம். ஒருநாள் சில்லு அதில் ஏறும் நேரம் பக்கத்தில் தள்ளியவரின் கால் வழுக்கியது. விமானம் பின்னுக்கு உருள, தம்பி முதுகால் தாங்கினான்.

டிஸ்க் விலகியிருந்தது. உம்மாவுக்குச் சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் அவன் எப்போதும் படுத்துக்கொண்டே பேசுவதைக் கண்டு நான்தான் பிடித்தேன். இரண்டு நாள் லீவு கொடுத்தார்களாம். “இனி ஆள் கூட்டித் தள்ளுங்க” என்றார்களாம்.

இந்தச் சாமானை அவன் முதலில் கண்டது அங்கே விமானத்தை நிறுத்தவந்த ஒரு வெள்ளைக்கார முதியவரிடம். சாமான் வைக்கும் அறையிலிருந்து மடித்த சட்டமொன்றை எடுத்தார், முன்சில்லின் அச்சில் இரண்டு பக்கமும் கொளுவினார், ஒரு ட்ரில்லைப் பொருத்தினார், தனியாளாக விமானத்தைக் கொண்டு போனார். “எங்கட ஊர்ல கபினட் அடிக்கிற ஆக்கள் வெச்சிருக்கிற மாதிரி பெற்றரி ட்ரில் ராத்தா!”

இதைத்தான் போன கிழமை தரம் 10க்குக் கொண்டு போனேன். ட்ரில் சுற்றும் உருளை விமானத்தின் ரயரில் அழுந்தி அதைச் சுற்றுகிறது. உருளையின் விட்டம் 6 சென்ரிமீற்றர், ரயரின் விட்டம் 36 என்று வைத்தால் உருளை ஆறு தரம் சுற்ற ரயர் ஒரு தரம் சுற்றும். வேகம் ஆறிலொன்றாகும், திருப்பம் ஆறு மடங்காகும். உள்ளே பற்சில்லுகளும் இருப்பதால் இன்னும் கூடும். எனக்குப் பிடித்தது வேறொன்று. கருவி பாரமில்லாதது. அது தன் சொந்தச் சில்லால் தரையைப் பிடித்து இழுக்கப் பார்த்தால், தம்பியின் கூட்டாளியின் செருப்பைப் போல வழுக்கும். விமானத்தின் சில்லையே சுற்றுவதால், தரையில் பிடி கொடுப்பது விமானத்தின் பாரமே. இத்தனை நாள் முதுகை ஒடித்த அதே பாரம். கலாசாலையில் உராய்வுப் பாடத்துக்கு மரக்கட்டையும் தராசும் வைத்துத்தான் பழக்கினார்கள். இந்த உதாரணம் அப்போது கிடைத்திருக்கலாம்.

தம்பியின் இடத்தில் பெற்றரியில் ஓடும் பெரிய ரகம் ஒன்று வாங்க மேலும் ஒரு வருடம் எடுத்தது. அவன் முதுகுக்காக வாங்கவில்லை. எல்லோரும் குனிந்து தள்ளும்போது இறக்கை நுனியைப் பார்க்க ஆளில்லாமல் அது கதவில் இடித்தது. திருத்தச் செலவைக் கண்டதும் அடுத்த மாதமே சாமான் வந்துவிட்டது. எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது. அவனுக்கு இல்லை. “வந்திச்சுத்தானே ராத்தா” என்கிறான்.

வீடியோவை வகுப்பிலும் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: “டீச்சர், முந்தி நாலு பேர் தள்ளின எண்டீங்க. மத்த மூணு பேரும் எங்க?”

அன்றிரவு தம்பியிடம் கேட்டேன். இரண்டு பேர் கழுவும் வேலைக்கு. ஒருவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை, ஊருக்குப் போய்விட்டார். கால் வழுக்கியவர்தான் அவர்.

“நான் மிஞ்சினது, அந்தச் சாமானைப் பழுதாக்காமப் பிடிக்கத் தெரிஞ்சதால” என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இருந்துகொண்டே பேசுகிறேன் பார் என்று கெமராவைத் திருப்பிக் காட்டினான். முதுகுக்குப் பின்னால் தலையணை இரண்டு வைத்திருந்தான்.