இரண்டு பல்லின் கணக்கு

புனே நகரில் குடியேறிய தமிழர் வீடுகளில், ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றேனும் இருக்கும். சில வீடுகளில் அது ஆட்டுக்கல். சில வீடுகளில் குத்துவிளக்கு. நம் வீட்டில் அது ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள்.

1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் கூடி என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. அதன் பின் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகலாயின. அங்கே 1971-ல் செய்த வண்டியொன்றை நம் தந்தையார் வாங்கினார். புனேயில் உத்தியோகம் கிடைத்தபோது அதனையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆண்டுதோறும் நம் அன்னையாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, திவே காட் என்னும் மலைப்பாதை ஏறி, ஜெஜூரி கண்டோபா கோயிலுக்குச் சென்று வருவது அவர் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு வேகத்தில் ஆசை பிறந்தது. மும்பை விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பழைய சாலையில்தான் செல்லவேண்டும். அங்கே மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டால் நம் வண்டி நடுங்கிக் கதறும். கியரின் விகிதத்தை மாற்றினால் இக்குறை தீரும் என்று நண்பர்கள் கூறினர்.

இதன் கணக்கு எளிது. எஞ்சினில் 25 பல். கிளட்சில் 56 பல். கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் சிறு பற்சக்கரத்தில் 16 பல். பின்சக்கரத்தில் 38 பல். நான்காவது கியரில் பின்சக்கரம் ஒரு முறை சுற்ற, எஞ்சின் 5.32 முறை சுற்றவேண்டும். 16 பல்லுக்குப் பதில் 18 பல் வைத்தால் 4.73 சுற்றே போதும். எஞ்சின் அதே நிதானத்தில் ஓட, வண்டி 80-க்குப் பதில் 90-ல் செல்லும். வேகத்தில் எட்டில் ஒரு பங்கு லாபம்! ஆனால் இழுவையில் ஒன்பதில் ஒரு பங்கு நஷ்டம் என்னும் மறுபாதிக் கணக்கை நாம் போட்டுப் பார்க்கவில்லை.

நானா பேட்டைக் கடையொன்றில் 18 பல் சக்கரம் கிடைத்தது. அச்சக்கரம் இருப்பது கிளட்சுக்குப் பின்னால். எண்ணெயை வடித்து, உறையைக் கழற்றி, கிளட்சைப் பிரித்து, அரைநாள் உழைத்து மாட்டினோம். தந்தையார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "காட் ஏறுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏறாமல் என்ன, அப்பா!" என்றோம்.

சமவெளியில் வண்டி பாடிக்கொண்டு ஓடியது. நாம் பெருமிதம் கொண்டோம்.

அவ்வாண்டு ஜெஜூரிக்குப் புறப்பட்ட பெற்றோர் நண்பகலுக்குள் திரும்பிவிட்டனர். "வெயில் அதிகம்" என்றார் தந்தையார். அதன்பின் அவர் வண்டியைத் தொடவில்லை. பேருந்திலேயே சென்று வந்தார். சில மாதங்கள் சென்றபின், வண்டியை விற்றுவிடலாம் என்றும் சொன்னார். காரணம் விளங்காமல் நாம் அன்னையாரைக் கேட்டோம்.

"மலைத் திருப்பத்தில் முன்னே போன லாரி நின்றுவிட்டது. அப்பாவும் நிறுத்தினார். மறுபடி கிளம்ப முடியவில்லை. மூன்று முறை எஞ்சின் அணைந்தது. நான் இறங்கி நடந்தேன். எழுபது வயது முழங்காலோடு உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, 'எனக்குத் தெம்பு போய்விட்டது' என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்."

நாம் தலைகுனிந்தோம். முதற் கியரில் ஏறக்குறைய 15 சுற்றுச் சுற்றி இழுத்த எஞ்சினை, 13 சுற்றிலேயே இருவரையும் சுமந்து மலையேறச் சொன்னவர் நாமல்லவா? நம் தவற்றை அந்த முதியவர் தம் முதுமையின் மேல் ஏற்றுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறே பழைய சக்கரத்தை மாட்டினோம். பிறகு கணக்கு முழுவதையும் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார்.

"அப்படியானால், குறை என்னுடையது இல்லையா?" என்றார்.

"இல்லை, அப்பா, எங்களுடையது."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மாதமே இருவரும் ஜெஜூரி சென்று, மஞ்சள் பூசிய நெற்றியுடன் திரும்பினர்.

ஜேஷ்ட மாதத்தில் ஞானேசுவரர் பாதுகைகளைத் தாங்கிய தேர் இதே மலைப்பாதையில் ஏறுகையில், கூடுதல் காளைகளைப் பூட்டுவார்கள். சமவெளியில் போதுமான பலம் மலையில் போதாது என்பதை மராட்டியப் பெரியோர் அறிவர். நாம் காலதாமதமாக அறிந்தோம். பழைய வண்டியின் விகிதத்தை மாற்ற விரும்பும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: தனியே சாலையில் செல்வோருக்கு 17 பல் நடுவழியாகும். ஆனால் சக்கரத்தை வாங்குமுன், வீட்டில் வேறு யார் அவ்வண்டியை ஓட்டுகிறார் என்று கேட்டறிந்து கொள்ளுங்கள்.