ஓசூர் ரஸ்தாவில் ஒரு நாலுகால் பிரயாணி

ஓசூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதன் குளிர்ச்சியைச் சொல்லுவார்கள். அடுத்தபடியாக அங்கே உற்பத்தியாகும் வண்டிகளைச் சொல்லுவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் அந்தப் பட்டணத்துக்கு இரண்டு பெருமையும் தகும். 1824-ம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் சேனைக்கு வேண்டிய குதிரைகளுக்காக ஊரை அடுத்த மத்திகிரியில் ஒரு பண்ணை ஏற்படுத்தினார்கள். காலக்கிரமத்தில் குதிரைகள் போய் மாடுகள் வந்தன. 1980-ல் இதே ஊரிலிருந்து 'டி.வி.எஸ். 50' என்ற மொபெட் வெளிவந்து, குடியானவனுக்கும் பால்காரனுக்கும் குதிரை வாங்கிக் கொடுத்தது போலாயிற்று. இப்போது ஓசூரிலும், அதே ஜில்லாவைச் சேர்ந்த போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகின்றன. மனிதன் ஏறிப் போவதற்கு எத்தனை விதமான வாகனங்கள்! அவன் பின்னால் ஓடி வரும் நாய்க்கு மட்டும் இன்னும் ஓர் ஆசனம் ஏற்படவில்லை.

ஆசனம் இல்லாவிட்டால் என்ன? நாயே ஓர் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. சூளகிரிப் பக்கம் எந்தக் கிராமத்துச் சாலையிலும் சாயங்காலம் சற்று நின்று பார்த்தால் தெரியும். மொபெட்டின் இரு புறமும் பால் கேன்கள், ஆசனத்தில் எஜமானர், அவருடைய முழங்கால்களுக்கு நடுவே, கால் வைக்கும் பலகையில், காதுகள் காற்றில் பறக்க ஒரு நாட்டு நாய். ராஜகளை என்றால் அதுதான்! பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். ஆனால் அந்தப் பலகையில் நாயின் நகத்துக்குப் பிடிப்பு ஏது? பிரேக் போட்டால் அது முன் சக்கரத்தின் மேல்தான் விழ வேண்டும். தெருநாய் ஒன்றைக் கண்டு துள்ளினால், கைப்பிடி திரும்பி, நாயும் பாலும் எஜமானரும் ஒருங்கே சாலையில் கிடக்க வேண்டும். கிராமச் சாலையில் சிராய்ப்போடு போகலாம். லாரிகள் இரவு பகல் ஓடும் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் அப்படிப் போகாது. அந்தச் சாலையின் ஓரத்தில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைப் பார்க்காமல் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சேருவது கடினம்.

ஓசூரில் என் சிநேகிதர் ஒருவர் இந்த விஷயத்துக்கு வேறு வழி தேடினார். பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றின் இடது பக்கத்தில் ஸைட்கார் பூட்டி, அதில் தமது நாயை ஏற்றிச் செல்லுகிறார். சென்ற மார்கழியில் கிருஷ்ணகிரி அணை வரையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அவர்களுடன் பிரயாணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. ஸைட்காரில் மெத்தையும் கண்ணாடித் திரையும் நாய்க்கு. பின் ஆசனத்தில் ஹெல்மெட்டும் குளிரும் எனக்கு.

முதலில் ஸர்க்கார் சமாசாரத்தை முடித்துவிடுகிறேன். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் சைக்கிள் என்பதற்குப் பொருள் சொல்லும்போதே கழற்றக்கூடிய ஸைட்காரையும் சேர்த்துத்தான் சொல்லுகிறது. ஆயினும், பதிவுப் புத்தகத்தில் கண்டதற்கு மாறாக வண்டியை நாமாக மாற்றக்கூடாது என்பது அதன் 52-ம் பிரிவு. ஆகையால் பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும். அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடகம். அங்கேயும் காகிதம் செல்ல வேண்டுமல்லவா? பிராணிகளை வதையுண்டாகும்படி ஏற்றிச் செல்வது குற்றம் என்று 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்லுவதையும் நினைவில் வைக்கலாம்.

இனி நாயின் படிப்பு. "எத்தனை நாளில் பழக்கினீர்கள்?" என்று நான் கேட்டேன். "உபாத்தியாயரே, உங்கள் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடிக்கு எத்தனை நாள்?" என்று திருப்பிக் கேட்டார் சிநேகிதர். முதல் பத்து நாளும் வண்டி வாசலை விட்டு நகரவேயில்லையாம். நாயின் சோற்றுத் தட்டை ஸைட்காருக்குள் வைத்துவிடுவார். தூக்கி ஏற்றுவதில்லை; தானாக ஏறினால் சோறு, ஏறாவிட்டால் வற்புறுத்தல் இல்லை. நாலாம் நாள் முன்னங்கால் இரண்டும் உள்ளே போயின. ஏழாம் நாள் நாய் அதற்குள் படுத்துத் தூங்கிற்று. அதன் பிறகு என்ஜினைப் போடாமல் இரண்டு பேர் வண்டியைக் கையால் மெல்லத் தள்ளினார்கள். என்ஜின் சத்தம் தனிப் பாடம்: நாய் இருபது முப்பது அடி தூரத்தில் தின்றுகொண்டிருக்கும்போது ஸ்டார்ட் செய்வது, தினம் நாலடி கிட்டே கொண்டுவருவது. சத்தமும் ஓட்டமும் தனித்தனியே பழகிய பிறகுதான் இரண்டையும் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலத்தில் சிப்காட் தொழிற்பேட்டையின் அகன்ற வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கும். முதல் சவாரிகள் எல்லாம் அங்கேதான், ஐந்து நிமிஷத்துக்கு மேல் இல்லாமல்.

வாயால் சொல்லும் கட்டளை விஷயத்தில் ஓசூருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. அந்த ஊரில் ஒரே வீட்டிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நடமாடும். எஜமானர் 'உட்கார்' என்கிறார். பாட்டி 'கூர்ச்சோ' என்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் 'கூத்கோ' என்கிறான். நாய் எந்த பாஷையைப் படிக்கும்? சிநேகிதர் 'இரு' என்ற ஒரே சொல்லைத் தேர்ந்தெடுத்தார். தமிழிலும் கன்னடத்திலும் அதற்குப் பொருள் ஒன்றே. எல்லைக்கு இருபுறமும் செல்லுபடியாகும் நாணயம்! வண்டி நின்றாலும், எஜமானர் இறங்கினாலும், டீக்கடை வடையின் வாசனை வந்தாலும், 'வா' என்று சொல்லும் வரையில் 'இரு' என்றால் இருக்கத்தான் வேண்டும். மற்றப் படிப்பெல்லாம் அலங்காரம். இந்த ஒன்றுதான் உயிர் காக்கும் படிப்பு. வண்டி நின்றவுடன் துள்ளிக் குதிக்கும் நாய் எந்தப் பக்கம் குதிக்கும் என்று யார் சொல்ல முடியும்?

படிப்பை மட்டும் நம்பி ஓட்டவும் கூடாது. கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டிக் கட்டுவது மகா தவறு. பிரேக் போட்டால் குரல்வளை நெரியும். குதித்தால் தூக்குக் கயிறு. மார்பையும் விலாவையும் சுற்றிப் பூட்டும் பட்டை வேண்டும். கடைக்காரர் அதை 'பாடி பெல்ட்' என்பார். அதிலிருந்து இரு பக்கமும் இரண்டு குட்டை வார்கள் போய், ஸைட்காரின் தகரத்தில் அல்ல, அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். நாய் உட்காரலாம், படுக்கலாம், திரும்பலாம். முன்னங்காலை விளிம்புக்கு மேல் போடக்கூடாது. வாரின் நீளத்துக்கு அதுவே அளவு. தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. காற்றும் தூசியும் பூச்சியும் கண்ணில் படாதபடி முன்னால் திரை. கண்ணாடி மாட்டுவதானால் அதையும் வீட்டிலேயே பழக்க வேண்டும். அது புதுமை அல்ல. 1903-ல் ஹொரேஷியோ நெல்ஸன் ஜாக்ஸன் என்பவர் அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காக மோட்டாரில் முதன்முதல் கடந்தபோது, வழியில் சேர்த்துக்கொண்ட 'பட்' என்ற புல்டாக் நாய்க்கும் தூசிக்காகக் கண்ணாடி மாட்டித்தான் அழைத்துப் போனார்.

ஓட்டுகிறவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஸைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிளை வளைவில் சாய்க்க முடியாது; கைப்பிடியைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். வேகம் எடுத்தால் வண்டி இடப் பக்கம் இழுக்கும். பிரேக் போட்டால் வலப் பக்கம் ஒதுங்கும். இடது வளைவில் வேகமாகப் போனால் ஸைட்கார்ச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். இருபது கிலோ நாய் அதை அழுத்திப் பிடிக்காது. சிநேகிதர் தரைப் பலகைக்கு அடியில் மணல் மூட்டை வைத்து அசையாமல் கட்டியிருக்கிறார். நாய் ஏறுவதற்கு முன், அந்த மணல் மூட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பழகினாராம்.

நாங்கள் புறப்பட்டபோது மணி ஆறரை, பனி விலகவில்லை. பேரண்டபள்ளி தாண்டும் வரையில் சிநேகிதர் எங்கும் நிற்கவில்லை. பக்கத்துச் சானமாவுக் காட்டுக்கு யானைகள் வந்து போகும் காலம் அது. யானையைக் கண்டு குரைக்கும் நாயைப் போல எஜமானருக்குச் சத்துரு வேறில்லை. சூளகிரியில் சூலம் போல நிமிர்ந்து நிற்கும் பாறைக்குன்று வெயிலில் சிவந்திருந்தது. அங்கே சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி, இடப் பக்கமாகவே நாயை இறக்கித் தண்ணீர் கொடுத்தார். மேலுமலை இறக்கத்தில் கியரைக் குறைத்து, லாரிகளுக்கு வழி விட்டு, ஊர்ந்துதான் இறங்கினோம். இறங்க இறங்கக் காற்றின் சூடு மாறுவது முகத்தில் தெரிந்தது. ஓசூரைவிடக் கிருஷ்ணகிரி வெகு தாழ்வு. மனிதனைப் போல் உடம்பெல்லாம் வியர்க்கும் பாக்கியம் நாய்க்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வைகாசியில் சிநேகிதர் இந்தப் பிரயாணத்தை நினைப்பதேயில்லை. எல்லைப்புறத்துப் பணக்கார வீடுகளில் பனிநாட்டு ஹஸ்கி நாய்களை வளர்க்கும் மோகம் வந்திருக்கிறதே, அவற்றை இந்தச் சாலையில் கோடையில் ஏற்றி வருவது கொலைக்குச் சமானம். நம்முடைய ராஜபாளையமும் கர்நாடகத்து முதோல் நாயும் 2005-ல் தபால் தலையில் ஏறிவிட்டன; வீட்டு வாசலில் ஏற இன்னும் எத்தனை வருஷமோ!

அணை தென்பெண்ணையின் மேல் கட்டப்பட்டது. 1958-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இதே ஆற்றுக்கு ஓசூர் அருகே கெலவரப்பள்ளியிலும் ஓர் அணை உண்டு. அங்கே தண்ணீர் சில காலங்களில் நுரை நுரையாகப் பொங்கி வருவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகளின் கைங்கரியம் அது. சிநேகிதர் நாயை ஆற்றில் வாய் வைக்க விடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினார். புங்க மர நிழலில் நாய் படுத்துவிட்டது.

இங்கிருந்து திருவண்ணாமலை போகும் திசையில், செங்கத்துக்கு அப்பால் எடுத்தனூர் என்ற கிராமம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திர பல்லவன் காலத்தில், அங்கே இறந்துபட்ட வீரன் ஒருவனுக்கு நட்ட கல்லில் அவனுடைய நாயையும் செதுக்கி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதென்று எழுதி, 'கோவிவன்' என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது சிநேகிதர் தமது நாயின் கழுத்தில் இருந்த தகட்டைக் காட்டினார். அதில் நாயின் பெயரும் அவருடைய டெலிபோன் நம்பரும் இருந்தன. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியும் பின்புறம் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஸைட்காரின் தகரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கையை உடனே எடுத்துக்கொண்டார். நாலு மணிக்கு மறுபடியும் தொட்டுப் பார்த்துத் தலையை அசைத்தார். நாலே முக்காலுக்குத்தான் கை பொறுத்தது. விரிப்பை நனைத்துப் போட்டு, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, "ஏறு" என்றார். நாய் ஏறிற்று. நானும் என் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டேன்.