நெடுந்தீவில் ஒரு கோழிக்கூடு

காலையிலே யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகச் சென்று குறிகட்டுவான் துறையிலே எம்மை இறக்கிவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடற்பயணம். நெடுந்தீவுக்குச் செல்வோர் குதிரைக் கூட்டத்தையும், பெருக்கமரத்தையும், பழைய கோட்டையையும் கண்டு திரும்புவது வழக்கம். யானும் அவற்றைக் கண்டேன். ஆயினும், ஊர் திரும்பிய பின்னர் என் நினைவில் நிலைத்து நிற்பது ஒரு வளவிலே கண்ட கோழிக்கூடுதான்.

வெயில் ஏறிய வேளையில் தண்ணீர் கேட்டு அந்தப் படலையைத் திறந்தேன். சாந்து பூசாது பவளக் கற்களை அடுக்கிய மதில்; உள்ளே வேம்பும் முருங்கையும். நிழலிலே இருபது கோழிகள் வரை கிளறித் திரிந்தன. வீட்டுக்காரி ஓர் ஆச்சி.

“இருங்கோ தம்பி” என்று செம்பை நீட்டியவர், கோழிகளை நான் நோக்குவது கண்டு கூட்டையும் காட்டினார். முழங்கால் உயரக் கட்டைகளின்மேல் அமைந்த கூடு அது. அடித்தளம் பனஞ்சலாகை, எச்சம் இடைவெளியால் விழுந்துவிடும். நாள்தோறும் காலையில் அதனை வாரி எருக்குழியில் இடுகிறார்.

இந்த ஒரு செயலின் பயன் பெரிது. குஞ்சுகளை மாய்க்கும் இரத்தக் கழிச்சலின் கிருமி எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் வாய்த்தால் ஓரிரு நாட்களில் தொற்றும் பக்குவத்தை அடைகிறது. எச்சத்தை அகற்றி நிலத்தைக் காயவைத்தால் அதன் வலிமை குன்றும்.

ஒரு மூலையிலே சாம்பலும் மணலும் கலந்த குழி இருந்தது. கோழிகள் அதிற் புரண்டு செள்ளையும் பேனையும் உதிர்க்கின்றன. முட்டையோடு உறுதிபெறக் கடற்கரைச் சிப்பியை இடித்து வைக்கிறார். குஞ்சுகளுக்குக் கறையான், பெரியவற்றுக்குத் தவிடும் முருங்கையிலையும். தீவின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. ஆதலால் நல்ல நீரைத் தூரத்திலிருந்து சுமந்து வந்து, சட்டியை நாளுக்கு இருமுறை கழுவி நிரப்புகிறார்.

“இவ்வளவும் முந்தியும் செய்தனான் தம்பி. ஆனால் ஒருமுறை எல்லாம் போட்டுது” என்றார்.

சந்தையில் வாங்கிய சேவல் ஒன்றை அன்றே கூட்டத்தோடு விட்டாராம். ஒரு கிழமைக்குள் கோழிகள் பச்சையாய்க் கழிந்து, கழுத்துத் திருகி விழுந்தன. இராணிக்கெட் என்னும் நோய் அது. மஞ்சளும் வெங்காயமும் வேப்பிலையும் அரைத்து ஊட்டினார். 26 கோழிகளில் மிஞ்சியவை இரண்டே. முட்டைக் காசை நம்பி யாழ்ப்பாணத்திலே படித்துக்கொண்டிருந்த பேத்தி அந்தத் தவணை முழுவதும் வீட்டில் இருக்க நேர்ந்தது. அதைச் சொல்லும்போது ஆச்சியின் குரல் தாழ்ந்தது.

அந்நோய் வைரசினால் வருவது; வந்தபின் தீர்க்கும் மருந்து கைமருந்திலும் இல்லை, கடையிலும் இல்லை. வருமுன் காப்பது ஒன்றே வழி. இப்பொழுது ஆச்சி மிருக வைத்தியரின் சொற்படி உரிய காலத்திலே தடுப்பு மருந்து இடுவிக்கிறார்.

“இயற்கை முறை என்கிறீர்களே, அதற்கு இது பொருந்துமா?” என்று சிலர் அவரைக் கேட்பதுண்டாம். பொருந்தும். 2001 ஆம் ஆண்டிலே கால்நடைகளையும் உட்படுத்தி விரிவாக்கப்பெற்ற சர்வதேசக் கொடெக்ஸ் நெறிமுறைகள், வேறு வழியால் தடுக்க இயலாத நோய்க்குத் தடுப்பு மருந்தை ஏற்கின்றன. நோயில்லாத வேளையிலே முன்னெச்சரிக்கையாக அன்டிபயாட்டிக் மருந்துகளை ஊட்டுவதையே அவை விலக்குகின்றன.

“கூட்டைக் கூட்டிறதும் வேணும், ஊசிமருந்தும் வேணும். ஒண்டு மற்றதுக்கு ஈடில்லை” என்றார் ஆச்சி.

படகுக்கு நேரமாயிற்று. விடைபெறும் போது, மதிலின் அப்பால் தனியே ஒரு சிறு கூட்டைக் கண்டேன். உள்ளே புதிதாக வாங்கிய பேடு ஒன்று. அருகிலே கல்லின்மேல் கரியாற் கீறிய கோடுகள், எண்ணினேன், பதினான்கு.

“இன்னும் ஏழு நாள் கிடக்குது. குஞ்சு பொரிக்க அடை கிடக்கிற நாள் இருபத்தொண்டு. அவ்வளவும் பொறுக்கிறம், இதுக்குப் பொறுக்க ஏலாதோ?” என்று சிரித்தார்.

பேத்தி அடுத்த கிழமை விடுமுறையில் வருகிறாளாம். பதினைந்தாம் கோட்டை நாளை காலை அவரே கீறுவார்.