விரைவும் மெய்ம்மையும்

குறைந்த செலவிற் கூடிய பயன் பெற விழைதல் மாணாக்கர்க்கு இயல்பு. கணினியின் முறைவழியாக்கியை, ஆக்கியோர் விதித்த மீடிறனுக்கு மேலாக இயக்கும் 'ஓவர்குளொக்கிங்' என்னும் பழக்கமும் இவ்விழைவிற் பிறந்ததே. 1998இல் வெளிவந்த இன்ரெல் நிறுவனத்தின் செலரோன் 300ஏ இப்பழக்கத்திற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. 300 மெகாஹேட்சுக்கென விற்கப்பட்ட அம்மலிவான முறைவழியாக்கி, பலரது கைகளில் 450 மெகாஹேட்சில் இயங்கிற்று.

இவ்வூதியம் விலையின்றிக் கிட்டுவதன்று. முறைவழியாக்கியின் இயக்க வலு மீடிறனுக்கும், வோல்ற்றளவின் வர்க்கத்திற்கும் நேர்விகிதசமமாக உயரும். மீடிறனை 20 வீதமும், அதற்கு ஈடுகொடுக்க வோல்ற்றளவை 10 வீதமும் கூட்டின், வலு ஏறத்தாழ 45 வீதத்தால் அதிகரிக்கும். அது வெப்பமாகவே வெளிப்படும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் குளிர்ச்சி கைகொடுக்கும் எனச் சிலர் கருதலாம். கொழும்பிலும் பார்க்க இங்கு வளி சில பாகை குளிர்ந்ததே. எனினும் அச்சில பாகைகள் இம்மிகை வெப்பத்திற்கு ஈடாகா. அறை வெப்பநிலைக்கும் மிகக் கீழே குளிர்விக்க முற்படின், மலைநாட்டின் ஈரப்பதன் சுற்றுப்பலகையில் நீராய் ஒடுங்கும்.

மிகை வெப்பமும் வோல்ற்றளவும் முறைவழியாக்கியின் ஆயுளைக் குறைப்பன. ஆயினும் அது பணத்தின் இழப்பே. அதனினும் பெரிய கேடு வேறொன்றுண்டு. எல்லை மீறிய மீடிறனிற் சைகையொன்று உரிய கணத்தில் வந்து சேராதவிடத்து, கணினி நின்றுபோகாமலே பிழையான எண்ணைத் தரக்கூடும். மைக்ரோசொவ்ற் ஆய்வாளர் ஏறத்தாழப் பத்து இலட்சம் கணினிகளின் பழுதுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை, மிகைவேகக் கணினிகள் கூடுதலாகச் செயலிழப்பதைக் காட்டிற்று. செயலிழப்பாவது கண்ணுக்குத் தெரியும். பிழையான எண் தெரியாது. பேராதனைப் பொறியியல் மாணவனொருவன் பாலமொன்றின் தகைப்பை இரவு முழுதும் கணிப்பதாகக் கொள்வோம். ஓரிரு மணி மிச்சமாகலாம். விடியலிற் கிடைத்த எண்ணை அவன் நம்புவதெங்ஙனம்? பழைய வேகத்தில் மீண்டும் கணித்தே சரிபார்க்க வேண்டுமாயின், மிச்சம் எங்கே?

ஊதியமும் இன்று அருகிவிட்டது. தற்கால முறைவழியாக்கிகள் வெப்பம் இடங்கொடுக்கும் வரை தாமே மீடிறனை உயர்த்திக்கொள்வன. இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினி முறைவழியாக்கிகள் சில மிகை வோல்ற்றளவால் நிலைதளர்ந்தமையும், 2024இல் அவற்றின் உத்தரவாதம் ஈராண்டு நீட்டப்பட்டமையும், எஞ்சிய இடைவெளி எத்துணைச் சிறிது என்பதை உணர்த்தும்.

பழைய கணினியொன்றில் இதனைச் செய்து பார்ப்போர் பொறியியலின் எல்லைகளைக் கற்பர், அது நன்றே. தோட்டத்திற் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தால் தாய் வாங்கித் தந்த ஒரே கணினியில், ஆய்வேட்டை எழுதுவோனுக்கு அது தகாது.