ஒரு பொருளுக்கு ஒரு சொல்

கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லை அடுத்தடுத்து வழங்கலாகாது என்பது பள்ளிப் பருவத்திலேயே எமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். முதற் பந்தியில் 'கதிரவன்' என்று எழுதினால் அடுத்த பந்தியில் 'ஞாயிறு' என்று எழுதவேண்டும். சொல்வளத்துக்கு அதுவே அடையாளம். இப்பழக்கம் என் கையில் எத்துணை ஊறிக் கிடந்தது என்பதை, தமிழ் விக்கிப்பீடியாவிற் புதிதாக எழுத வருவோருக்கென உதவிக் குறிப்பொன்றை ஆக்க முற்பட்டபோதுதான் உணர்ந்தேன்.

2003 ஆம் ஆண்டிலே தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தின் ஆரம்பப் பணியிற் பெரும்பங்கு யாழ்ப்பாணத்தவரான கட்டடக்கலைஞர் இ. மயூரநாதனைச் சாரும். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1902 இல், ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' யாழ்ப்பாணத்தில் வெளிவந்திருந்தது. இரண்டுக்குமிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அபிதான கோசம் ஒருவரது உழைப்பு. அதன் நடையும் அவரது நடை. விக்கியிலோ வல்வெட்டித்துறையில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தைச் சேலத்தில் ஒருவர் திருத்த, ரொறன்ரோவில் இருப்பவர் முடித்து வைப்பார். மூவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கூலியும் இல்லை, ஓய்வுநேர விருப்பமொன்றே அவர்களைச் சேர்த்து வைக்கின்றது. எழுத்து மரபு பற்றிய உடன்பாடு அத்தகையோர்க்கு இன்றியமையாதது. அதனினும் இன்றியமையாதது, அவ்வுடன்பாட்டைப் புதியவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பக்கம்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். துலாக்கிணற்றைப் பற்றிய கட்டுரையொன்றைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஆடுகால், துலா, துலாக்கொடி, பட்டை என ஒவ்வோர் உறுப்பையும், துலா மிதிப்போர் எவ்வாறு முன்னும் பின்னும் நடப்பர் என்பதையும் விளக்கியிருந்தார். நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் பிறந்த பிள்ளைகள் துலாவைப் படத்திலேனும் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆதங்கம். எனது உதவிக் குறிப்பை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். அதன் செம்மையில் எனக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது.

மறுநாட் காலை அவர் என்னை அழைத்தார். முற்பகல் முழுவதும் ஒற்றை விரலால் தட்டச்சுச் செய்த கட்டுரை போய்விட்டது. எனது குறிப்பில், முன்தோற்றத்தைப் பார்த்துப் பிழை திருத்தும் படியை அடுத்து, "பின்னர்ப் பக்கம் சேமிக்கப்படும்" என்று எழுதியிருந்தேன். முன்தோற்றத்தில் தம் கட்டுரை முழுமையாய் நிற்பதைக் கண்டார். இனி அது சேமிக்கப்படும் என்று நம்பிக் கணனியை நிறுத்திவிட்டார்.

"தம்பி, நீர் எழுதினதிலை இலக்கணப் பிழை ஒண்டும் இல்லை. ஆனால் 'சேமிக்கப்படும்' எண்டால் ஆர் சேமிக்கிறது? நானோ, மிசினோ?"

என்னிடம் விடையில்லை. செயப்பாட்டு வினை கந்தோர்க் கடிதங்களுக்கு மிக உகந்தது. அங்கே செய்பவர் யாரென்பது மறைந்திருப்பதே பலருக்கும் வசதி. தனியே ஒரு திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு அதனைப்போலத் தீங்கு செய்வது வேறில்லை.

பிறகு அந்தத் தாளை இருவருமாகப் படித்தோம். திரையின் மேலே 'தொகு' என்றிருப்பதை ஓரிடத்தில் 'திருத்தற் பொத்தான்' என்றும், வேறோரிடத்தில் 'செம்மையாக்க விசை' என்றும் குறித்திருந்தேன். அவர் மூன்று வெவ்வேறு பொத்தான்களைத் தேடியிருக்கிறார். முன்தோற்றம் வேறு, சேமித்தல் வேறு என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில், நன்றியுரை போல. அவ்வரியை அவர் வாசித்தது கட்டுரை போன பிறகு.

நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினுள் 'கூறியது கூறல்' என்பதை வைக்கின்றது. நாவலரின் காண்டிகையுரையோடு அதனைப் பயின்ற நாம் அக்குற்றத்துக்கு மிக அஞ்சுகிறோம். அதே பட்டியலில் 'மயங்கவைத்தல்' என்றொன்றும் இருப்பதை நான் மறந்துபோனேன். ஒன்றைத் தவிர்க்கப்போய் மற்றதில் விழுந்தேன். உதவிக் குறிப்பிலே 'தொகு' என்னும் சொல் பத்துத் தடவை வரவேண்டுமாயின் பத்துத் தடவையும் 'தொகு' என்றே வரட்டும்.

இங்கே வேறொரு சிக்கலும் எழுகின்றது. எமக்குத் 'திகதி', தமிழகத்தார்க்குத் 'தேதி'. எமக்கு 'ரொறன்ரோ', அவர்களுக்கு 'டொராண்டோ'. கலைக்களஞ்சியத் தலைப்புக்களில் இது பெருஞ்சிக்கலன்று: வழிமாற்று என்னும் ஏற்பாட்டினால் ஒரு பக்கத்துக்கு இரண்டு வாயில்கள் அமைக்கலாம். கட்டுரையின் உள்ளேயும், ஆங்கில விக்கிப்பீடியாவில் பிரித்தானிய எழுத்துக்கூட்டலை அமெரிக்கர் காரணமின்றி மாற்றலாகாது என்ற விதி இருப்பதுபோல, எழுதியவர் வழக்கை விட்டுவைப்பதே முறை. 'திகதி'யை யாரும் திருத்தினால் நான் வழக்காடுவேன். ஆனால் உதவிக் குறிப்புக்கு இரண்டு வாயில் இல்லை. திரையில் எச்சொல் நிற்கின்றதோ அச்சொல்லையே அங்கு எழுதவேண்டும். என் நாவுக்கு அது அன்னியமாயிருப்பினும், எழுதுகிறேன். மனம் சற்று நோகவே செய்கிறது.

திரையில் நிற்கும் பெயர்கள் எல்லாம் எனக்கு உவப்பானவையும் அல்ல. பொது உரையாடலுக்குரிய இடத்தை 'ஆலமரத்தடி' என்று பெயரிட்டவரை வாழ்த்தலாம். அங்கே என்ன நடக்கும் என்று விளக்கவே தேவையில்லை. எழுதிப் பழகும் இடத்துக்கோ 'மணல்தொட்டி' என்று பெயர். மணலுக்குக் குறைவில்லாத எங்கள் வடமராட்சியில் பிள்ளைகள் அதனைத் தொட்டிக்குள் இட்டு விளையாடியதில்லை. ஆசிரியரும் அப்பெயரைக் கண்டு நகைத்தார். எனினும் 'மணல்தொட்டி' என்றே எழுதினோம்.

குறிப்பை மீண்டும் எழுதியபோது பென்சில் அவர் கையில் இருந்தது. எச்சரிக்கை முதலாவது வரிக்கு ஏறியது. 'சேமிக்கப்படும்' என்பதை அடித்துவிட்டு மேலே "நீங்கள் சேமியுங்கள்" என்று எழுதினார். 'சொடுக்குக' என்பதை என்ன செய்வது என்பதில்தான் உடன்பாடு வரவில்லை. 'அமத்துங்கோ' என்றாற்றான் எங்கடை சனத்துக்கு விளங்கும் என்றார் அவர். அது சேலத்தாருக்கு விளங்காது என்றேன் நான். இறுதியில் 'அழுத்துங்கள்' என்று எழுதினோம். துலாக்கிணற்றைக் கொப்பியிலிருந்து மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சுச் செய்தார். இம்முறை ஒவ்வொரு பந்தி முடிவிலும் சேமித்தார்.