அத்தானுக்குக் கொடுக்காத இடம்

பெங்களூரில் எந்தச் சபைக்குப் போவது என்று போனில் கேட்டாயே, பேராண்டி, அதற்குப் பதில் சொல்லும் முன் என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குழந்தையில் எங்கள் கோவிலில் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவர். நாற்பது வயதுக்கு மேல் தாமிரபரணியில் இறங்கி முழுக்கு எடுத்து, பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். அந்தச் சபை வழக்கப்படி அக்கா கம்மலையும் வளையலையும் கழற்றி டிரங்குப் பெட்டியில் பூட்டினாள். அப்புறம் ஒன்பது வருஷம் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவள் கொடுத்துவிட்ட பனங்கிழங்கைக்கூடத் திருப்பி அனுப்பினேன்.

அத்தான் இறந்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு மருமகன் வந்தான். சபையை விட்டுப் போனவருக்கு இடமில்லை என்று எழுதிய தாளில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. படித்துப் பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயு, தீத்து இருவரின் கதையும் எனக்கு அதற்கப்புறம்தான் புரிந்தது. புறஜாதியார் விருத்தசேதனம் செய்ய வேண்டியதில்லை என்று எருசலேமில் முடிவானது அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரத்திலேயே பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்கிறார். அந்தப் பக்கத்து யூதர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்றுதான். தீத்துவின் விஷயத்திலோ ஒரு நாழிகைகூட இணங்கவில்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். அங்கே சிலர் அதைக் கட்டாயம் என்று கேட்டார்கள். அது இல்லாமல் கிறிஸ்து போதாது என்றார்கள். ஒரே சடங்குதான். வழக்கமாக இருந்தவரை விட்டுக்கொடுத்தார். இரட்சிப்புக்கு நிபந்தனை ஆனதும் மறித்து நின்றார்.

முழுக்கு எடுக்காதவன் கரையேற மாட்டான் என்று அத்தான் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான்தான் முழுக்கு எடுத்தவருக்கு ஆறடி மண் இல்லை என்றேன். நிபந்தனை போட்டது நான்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எல்லாம் ஒண்ணுதான் தாத்தா" என்று சொல்லிவிடாதே. அது சோம்பேறிப் பேச்சு. குமாரன் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்பவர் சொன்னபோது, 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை ஏற்கவில்லை. கும்பிடுவது கடவுளையா, படைப்பையா என்பது சின்ன விஷயமா? கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதைத்தான் பிரதானமானது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அதில் கைவைத்தால் மிச்சம் எதுவும் நிற்காது.

எதை இறுக்கிப் பிடிப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று சரியாகப் பிரித்தறிந்தவர்கள் நம் மண்ணிலேயே உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். 28 வருஷம்! ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் என்று அத்தனை வகை. வேதம், விசுவாசப்பிரமாணங்கள், ஞானஸ்நானம், திருவிருந்து, பேராயர் பொறுப்பு ஆகியவற்றை இறுக்கிப் பிடித்தார்கள். பேராயர் கைவைக்காமல் குருவானவர் ஆனவர்களுக்கு மறுபடி அபிஷேகம் வேண்டும் என்று கேட்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானமா, வளர்ந்தபின்னா? இரண்டுக்கும் இடம் வைத்தார்கள்.

ஆகவே நீ போகிற இடத்தில் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பற்றி என்ன பிரசங்கிக்கிறார்கள் என்று முதலில் கேள். ஆர்கனா கிட்டாரா, ஒரே பாத்திரமா தனித்தனிக் கிண்ணமா என்பதெல்லாம் அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

அத்தானை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகராட்சி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. அக்காவுக்கு இப்போது 84 வயது. இந்தத் தை மாசமும் பனங்கிழங்கு கொடுத்துவிட்டாள். நீ லீவுக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு என்னை ஒருநாள் அங்கே அழைத்துப் போ. கல்லறை எதுவென்று எனக்குத் தெரியாது.